அமெரிக்காவுக்கு மாற்றல் உத்தரவு! மானேஜர் குடும்பம் போட வேண்டிய கணக்கு

கம்பெனி கூப்பிடுகிறது. விமான டிக்கெட் செலவும் கம்பெனியுடையது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வந்து வாழ்த்துகிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால், போனவர் அங்கே எத்தனை ஆண்டு இருக்கலாம்? மனைவி வேலை பார்க்கலாமா? மகள் படிப்பு என்ன ஆகும்? அங்கேயே நிலையாகத் தங்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பலரிடம் பதில் இருப்பது இல்லை. பெட்டி கட்டுவதற்கு முன்பு தெரிந்து கொள்ள வேண்டிய அந்தப் பதிலை இங்கே பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அமெரிக்கா என்றதும் நம்மவர் நினைப்பது எச்-1பி விசாவைத்தான். கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் பெரும்பாலும் அதில்தான் போகிறார்கள்.

அந்த விசாவுக்கு ஆண்டு வரம்பு உண்டு. பொதுவாக 65 ஆயிரம் பேர். அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20 ஆயிரம். கேட்பவர்களோ பல மடங்கு.

2025 செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வெளிநாட்டில் இருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றார். பல கம்பெனிகள் திகைத்து நின்றன.

அந்தப் பிரகடனம் எல்-1 விசாவைத் தொடவில்லை. அதனால் எல்லாருடைய பார்வையும் இந்தப் பக்கம் திரும்பியது.

எல்-1 என்பது என்ன?

ஒரே கம்பெனிக்குப் பல நாட்டில் கிளை இருக்கிறது. ஒரு கிளையில் இருந்து அமெரிக்கக் கிளைக்கு ஆளை மாற்றுகிறார்கள். அப்படி மாற்றப்படுபவருக்குக் கொடுப்பதுதான் எல்-1 விசா.

இதில் இரண்டு வகை உண்டு.

மானேஜர்களுக்கும் மேல் நிர்வாகிகளுக்கும் எல்-1ஏ.

கம்பெனியின் தனித் தொழில் ரகசியமும் நுட்பமும் தெரிந்தவர்களுக்கு எல்-1பி.

இதற்கு எச்-1பி விசாவைப் போல ஆண்டு வரம்பு கிடையாது. எத்தனை பேர் தகுதி பெற்றாலும் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள், அமெரிக்காவுக்கு வெளியே, அதே கம்பெனிக் குடும்பத்தில், தொடர்ந்து 1 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். இன்று சேர்ந்து நாளை பறக்க முடியாது.

1970-இல் பிறந்த விசா

இந்த விசாவுக்கு 50 வயது கடந்துவிட்டது.

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைப் பெரிதாக மாற்றியது. அதன் பிறகு, வெளிநாட்டுக் கிளையில் இருக்கும் தங்கள் அதிகாரியைச் சில ஆண்டு தலைமை ஆபீசுக்கு வரவழைப்பது கம்பெனிகளுக்குக் கஷ்டமாகிவிட்டது. "எங்கள் ஆளை நாங்களே கூப்பிட முடியவில்லையே" என்று முறையிட்டார்கள்.

அமெரிக்கப் பார்லிமெண்டு ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 1970 ஏப்ரல் 7-ந் தேதி அது சட்டமாயிற்று. நிக்சன் அப்போது ஜனாதிபதி.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தில்தான் அமெரிக்கர் மணக்கப் போகும் வெளிநாட்டுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனி விசா பிறந்தது. ஒரு சட்டம், இரண்டு வாசல்!

சென்னைக்கும் இதில் தொடர்பு உண்டு. பெரிய கம்பெனிகள் ஒவ்வொருவருக்கும் தனி மனுப் போடாமல், ஒரே மொத்த மனுவில் அனுமதி வாங்கி வைத்துக் கொள்ளலாம். அந்த மனுவின் கீழ் போகிறவர்கள், இந்தியாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், விசா பேட்டிக்குச் சென்னைக்கே வர வேண்டும் என்று 2011 டிசம்பரில் ஏற்பாடு செய்தார்கள். டெல்லிக்காரரும் பம்பாய்க்காரரும் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் பைலோடு வந்து நின்றது அப்படித்தான்.

யார் மானேஜர்?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நம் ஊரில் மானேஜர் என்ற பட்டம் மலிவு. விசிட்டிங் கார்டில் அச்சடித்தால் போதும். அமெரிக்கச் சட்டம் கார்டைப் பார்ப்பது இல்லை. வேலையைப் பார்க்கிறது.

கட்டட வேலையை நினைத்துப் பாருங்கள். 20 கொத்தனார்களை மேஸ்திரி மேய்க்கிறார். அவர் சொன்னால்தான் வேலை நடக்கும். ஆனாலும் சட்டப்படி அவர் மானேஜர் அல்ல. அவர் முதல் படி மேற்பார்வையாளர்.

அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். பல மேஸ்திரிகள் அவருக்குக் கீழே. யாரை வைப்பது, யாரை நீக்குவது என்று அவர் சொன்னால் செல்லும். பணத்தை எதில் போடுவது என்பதையும் அவர் முடிவு செய்கிறார். அவர்தான் மானேஜர்.

கீழே இருப்பவர்கள் என்ஜினீயர், கணக்காளர் போன்ற படித்த தொழில் வல்லுநர்களாக இருந்தால், அவர்களை நேரடியாக நடத்துபவரும் மானேஜர் ஆகலாம்.

ஆள் யாரும் கீழே இல்லாமல், கம்பெனியின் முக்கியமான ஒரு பிரிவுப் பணியையே தம் பொறுப்பில் நடத்துபவரும் மானேஜர் ஆகலாம். ஆனால் அதை நிரூபிப்பது கடினம்.

மேல் நிர்வாகி என்பவர் இன்னும் உயரே. கம்பெனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். டைரக்டர்கள் குழுவோ பெரிய தலைவரோ தவிர அவருக்கு மேலே கேள்வி கேட்பார் இல்லை.

அடுப்படியில் நின்றால் ஆபத்து

ஓர் உதாரணம் பார்ப்போம்.

நம் ஊரில் பெரிய ஓட்டல் நடத்தும் ஒருவர் அமெரிக்காவில் கிளை திறக்க நினைக்கிறார். தாமே போய் நடத்தலாம் என்று எல்-1ஏ கேட்கிறார்.

புதுக் கிளை என்றால் முதலில் 1 ஆண்டுக்குத்தான் விசா. அதற்கே இடம் பிடித்துக் காட்ட வேண்டும். முதலீடு காட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்குள், ஒரு மானேஜரைத் தாங்கும் அளவுக்கு வியாபாரம் வளரும் என்றும் காட்ட வேண்டும்.

ஆண்டு முடிகிறது. நீட்டிப்பு கேட்கிறார். அதிகாரிகள் வேலை விவரம் கேட்கிறார்கள்.

காலையில் மாவு அரைக்க நிற்கிறார். பகலில் கல்லாவில் உட்காருகிறார். இரவில் பரிமாறுகிறார். வேலை ஆட்கள் இரண்டே பேர்.

உழைப்பாளி என்று நாம் பாராட்டுவோம். அமெரிக்கச் சட்டம், "நீர் வேலை செய்கிறீர், நிர்வாகம் செய்யவில்லை" என்று சொல்லிவிடும். விசா நீட்டிப்பு கிடைக்காது.

சமைக்கவும் கணக்கு எழுதவும் பரிமாறவும் வேறு ஆட்கள் இருந்து, அவர்களை நடத்தும் சூபர்வைசர்கள் இருந்து, இவர் எல்லாருக்கும் மேலே இருந்தால்தான் இவர் மானேஜர்.

மனைவிக்கு வேலை உண்டு

இந்த விசாவின் பெரிய நன்மை இதுதான்.

மானேஜரின் மனைவிக்கும், 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் எல்-2 விசா கிடைக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம்.

2002 ஜனவரியில் வந்த சட்டம் மனைவி வேலை பார்க்க அனுமதித்தது. ஆனால் அதற்குத் தனியாக அட்டை வாங்க வேண்டியிருந்தது. அட்டை வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. இப்போது தனி அட்டைக்குக் காத்திருக்கத் தேவை இல்லை. எல்-2 அந்தஸ்தில் இருக்கும் மனைவிக்கு வேலை செய்யும் உரிமை அதோடு சேர்ந்தே வருகிறது.

மானேஜர் பெண்ணாக இருந்தால், கணவருக்கும் இதே உரிமைதான்.

எச்-1பி-யில் போனவரின் மனைவிக்கு இந்தச் சலுகை எளிதில் கிடையாது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டிய பிறகே அவர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அதுவும் 2015-இல்தான் வந்தது.

7 ஆண்டு கெடு

நன்மையைச் சொன்னோம். இனிக் கெடுவைச் சொல்வோம்.

எல்-1ஏ விசாவில் மொத்தம் 7 ஆண்டுதான் இருக்கலாம். எல்-1பி என்றால் 5 ஆண்டு.

எச்-1பி-க்கு 6 ஆண்டுதான் கெடு. ஆனால் கிரீன் கார்டு மனு நடந்து கொண்டிருந்தால், அதற்கு மேலும் நீட்டித்துக் கொண்டே போகலாம். எல்-1 விசாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. 7 ஆண்டு முடிந்தால் முடிந்ததுதான்.

நடுவில் ஊருக்கு வந்து தங்கிய நாட்களைக் கழித்துக் கொள்ளலாம். அதனால் பாஸ்போர்ட்டு முத்திரைகளையும் பயணச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. ஓர் ஆண்டு முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

இன்னொரு கட்டும் உண்டு. இந்த விசா கம்பெனியோடு பிணைந்தது. வேறு கம்பெனி அதிகச் சம்பளம் தருகிறேன் என்றால் இதே விசாவில் தாவ முடியாது.

வேலை போனால்? 2017-இல் வந்த விதிப்படி 60 நாள் வரை அவகாசம் உண்டு. விசாக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு வழி தேட வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு புறப்பட வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் 60 நாள்!

கிரீன் கார்டுக்கு மானேஜர் வழி

கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிலையாகக் குடியிருக்கும் உரிமை.

1990-இல் வந்த குடியேற்றச் சட்டம் வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டுகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது. அதில் முதல் வகுப்பிலேயே, பல நாட்டில் தொழில் நடத்தும் கம்பெனிகளின் மானேஜர்களையும் மேல் நிர்வாகிகளையும் வைத்தார்கள்.

2-ஆம், 3-ஆம் வகுப்பில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடை உண்டு. "இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை" என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதற்காகப் பத்திரிகையில், பொதுவாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், விளம்பரம் கொடுக்க வேண்டும்.

மானேஜர் வகுப்புக்கு அந்த விளம்பரம் வேண்டாம். கம்பெனி நேரடியாக மனுப் போடலாம். அமெரிக்கக் கம்பெனி குறைந்தது 1 ஆண்டாவது தொழில் நடத்தியிருந்தால் போதும்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது.

கவனியுங்கள்: அந்த ஒரு வருடம்!

எல்-1ஏ விசாவுக்கு, ஊரில் வேலை பார்த்த அந்த 1 ஆண்டில் மானேஜராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது இல்லை. தொழில் நுட்பம் தெரிந்தவராக இருந்திருந்தாலும் போதும். அமெரிக்காவில் மானேஜர் வேலை இருந்தால் விசா கிடைக்கலாம்.

கிரீன் கார்டுக்கு அப்படி இல்லை. ஊரில் வேலை பார்த்த அந்த ஆண்டிலேயே மானேஜராகவோ மேல் நிர்வாகியாகவோ இருந்திருக்க வேண்டும்.

சென்னையில் ஓர் என்ஜினீயர். நுட்பம் தெரிந்தவர் என்று எல்-1பி-யில் போகிறார். போன இடத்தில் திறமை காட்டி மானேஜர் ஆகிறார். விசாவும் எல்-1ஏ ஆகிறது. (7 ஆண்டு முழுதாகக் கிடைக்க, மானேஜர் ஆனபின் குறைந்தது 6 மாதமாவது அந்தப் பதவியில் இருந்திருக்க வேண்டும்.)

"நான் மானேஜர்தானே, முதல் வகுப்பில் போடுங்கள்" என்று கேட்கிறார்.

"ஊரில் இருந்தபோது நீங்கள் மானேஜர் இல்லையே" என்று வக்கீல் சொல்கிறார்.

அவருக்கு முதல் வகுப்பு வாசல் மூடியது. விளம்பரம் வேண்டும் வகுப்பில்தான் நிற்க வேண்டும். அல்லது ஊர் திரும்பி ஓர் ஆண்டு மானேஜராக வேலை பார்த்துவிட்டு வர வேண்டும்.

இதைப் புறப்படும் முன்பே தெரிந்திருந்தால், மானேஜர் பதவியை இங்கேயே வாங்கி, ஓர் ஆண்டு பொறுத்துப் போயிருக்கலாம். ஓர் ஆண்டு அவசரம், பத்து ஆண்டுக் காத்திருப்பில் கொண்டுபோய் விடும்.

வரிசை எவ்வளவு நீளம்?

வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கிரீன் கார்டு. முதல் வகுப்புக்கு அதில் 100-க்கு 28.6 பங்கு. அதாவது சுமார் 40 ஆயிரம்.

இதில் எந்த ஒரு நாட்டுக்கும் 100-க்கு 7-க்கு மேல் பொதுவாகக் கிடையாது. மற்ற நாட்டார் எடுக்காமல் மிச்சம் விட்டால்தான் கூடுதலாக வரும். சின்ன நாட்டுக்கும் 7, இந்தியாவுக்கும் 7!

இன்னொன்று. மனைவி மக்களும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறார்கள். கணவன், மனைவி, 2 பிள்ளைகள் என்றால் 4 இடம் போய்விடும்.

அதனால் முதல் வகுப்பிலும் இந்தியருக்கு வரிசை வந்துவிட்டது. கம்பெனி மனுப் போட்ட நாள்தான் நம் வரிசைத் தேதி. யார் தேதிவரை கூப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க அரசு மாதாமாதம் அறிவிக்கிறது.

2023-இல் நடந்ததைப் பாருங்கள். ஜூலையில், 2022 பிப்ரவரி 1-க்கு முன்பு மனுப் போட்ட இந்தியர்களைக் கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் அந்தத் தேதி 2012 ஜனவரி 1-க்குப் பின்னால் போயிற்று. ஒரே மாதத்தில் 10 ஆண்டு! அக்டோபரில் 2017 ஜனவரிக்கு ஏறியது. 2024-இல் மறுபடி 2022 பிப்ரவரிக்கு வந்தது.

கிணற்றுக் கயிறு போல ஏறி இறங்கும் இந்தத் தேதியை நம்பி யாரும் வீடு வாங்கிவிட முடியாது. ஆனாலும் 2-ஆம் வகுப்பைவிட இது மேல். அங்கே இந்தியர் 10 ஆண்டுக்கு மேல் நிற்கிறார்கள்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வரிசையைத் தீர்மானிப்பது பிறந்த நாடு. குடியுரிமை அல்ல. மனைவி இலங்கையிலோ மலேயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் என்றால், கணவனும் அந்த நாட்டு வரிசையில் சேர்ந்து கொள்ளலாம். நம் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்கள் இல்லாமல் இல்லை. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் சில வீடுகளில் பெரிய சொத்து!

மகளுக்கு 21 ஆனால்?

எல்லாவற்றிலும் மனத்தை உறுத்துவது இதுதான்.

13 வயதில் மகளை அழைத்துப் போகிறீர்கள். அங்கே பள்ளிக்கூடம், அங்கே தோழிகள், அங்கே காலேஜ். அவள் பேசுவதும் அந்த ஊர்ப் பேச்சு.

21 வயது நிறைந்தால் எல்-2 விசா முடிந்தது. பெற்றோர் கிரீன் கார்டு வரிசையில் இருந்தால், அந்த மனுவில் இருந்தும் அவள் பெயர் விழுந்துவிடலாம்.

2002-இல் வந்த ஒரு சட்டம் சிறிது கை கொடுக்கிறது. கம்பெனியின் மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் வரிசையில் காத்திருந்த ஆண்டுகளைக் கழிக்க முடியாது.

அவள் மாணவர் விசாவுக்கு மாறலாம். இல்லையென்றால், பெற்றோர் அங்கே, மகள் இங்கே என்று ஆகும். குடும்பம் சேர்ந்திருக்கவே போனோம். அதே குடும்பம் பிரிகிறது.

அங்கேயும் எதிர்ப்பு

அமெரிக்காவிலும் இந்த விசாவைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றல் என்ற பெயரில் ஆளைக் கொண்டுவந்து வேறு கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறார்கள், உள்ளூர் ஆள் வேலை இழக்கிறார் என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரில் உண்மை இருந்தது. அதனால் 2004-இல் சட்டத்தை இறுக்கினார்கள். எல்-1பி ஆளை வேறு கம்பெனியின் இடத்தில் வெறும் கூலி ஆளாக நிறுத்தத் தடை வந்தது. கிராஸ்லி, டர்பின் என்ற இரண்டு செனட்டர்கள், ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னும் இறுக்க வேண்டும் என்று பல தடவை மசோதா கொண்டுவந்தார்கள்.

கம்பெனிகளோ, எங்கள் ஆள் வந்தால்தான் எங்கள் தொழில் வளரும், அதனால் உள்ளூரிலும் வேலை பெருகும் என்கின்றன.

இரண்டு பக்கமும் இழுக்கும் கயிற்றில்தான் இந்த விசா தொங்குகிறது. இன்று இருக்கும் விதி நாளை இறுகலாம்.

கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

மாற்றல் உத்தரவு வந்த வீட்டில், பாயசம் ஆறுவதற்கு முன்பு கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

எனக்கு எந்த விசா? எல்-1ஏ-யா, எல்-1பி-யா?

இங்கே நான் பார்த்த வேலை மானேஜர் வேலை என்று காட்ட என்ன காகிதம் இருக்கிறது? எனக்குக் கீழே யார் யார் என்ற பட்டியல் உண்டா?

கிரீன் கார்டு மனுப் போடுவீர்களா? எந்த ஆண்டில்? அதை எழுதித் தருவீர்களா?

மனுப் போடுவது கம்பெனியின் விருப்பம். நாம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் முதல் ஆண்டில் போட்ட மனுவுக்கும் ஐந்தாம் ஆண்டில் போட்ட மனுவுக்கும் வரிசையில் நான்கு ஆண்டு வித்தியாசம். 7 ஆண்டு கெடு ஓடிக் கொண்டிருக்கும்போது அந்த நான்கு ஆண்டுதான் குடும்பத்தின் தலைவிதி.

கடைசிக் கட்ட விண்ணப்பம் போட்டு 180 நாள் கடந்து, கம்பெனி மனுவும் ஏற்கப்பட்டுவிட்டால், அதே மாதிரி வேலைக்கு வேறு கம்பெனிக்கும் போகலாம். அதுவரை பிடி கம்பெனியின் கையில்.

பிறகு ஒரு காகிதம் எடுங்கள். ஒரு பக்கம் 7 ஆண்டை எழுதுங்கள். மறு பக்கம் பிள்ளைகளின் வயதை எழுதுங்கள். இரண்டு கோடும் எங்கே சந்திக்கின்றன என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

சில வீட்டில் கணக்குப் பொருந்தும். தைரியமாகப் போகலாம். சில வீட்டில், "நாலு வருஷம் இருந்துவிட்டு, பெரியவள் பத்தாவது போகும் முன் திரும்பி வந்துவிடுவோம்" என்ற முடிவு வரும். அதுவும் நல்ல முடிவுதான். தெரிந்து போய்த் தெரிந்து திரும்புகிறவருக்கு நஷ்டம் இல்லை.

கம்பெனி மாற்றுவது ஓர் ஊழியரை. ஊர் மாறுவதோ ஒரு குடும்பம். அந்தக் கணக்கைக் கம்பெனி போடாது. நாம்தான் போட வேண்டும்.